கேவின் அண்ட் ஸ்டேசி: முதல் சீசனில் யாரைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: நல்ல பிரிட்டிஷ் காதல் சிட்காம் (நகைச்சுவைத் தொடர்) என்று சொன்னார்கள் என்பதற்காக 'கேவின் அண்ட் ஸ்டேசி' முதல் சீசனைத் தொடங்கினேன். இரண்டு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. காதலர்கள் முதல் நாளே சேர்ந்துவிட்டார்கள். வில்லன் இல்லை, பெரிய திருப்பம் இல்லை, பின்னணியில் சிரிப்பொலிகூட இல்லை. இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? மேற்கொண்டு பார்க்கலாமா?

பதில்:

கட்டாயம் பாருங்கள். மொத்தமே ஆறு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரம். ஆனால் இதுவரை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து கண்ணைச் சற்று நகர்த்த வேண்டியிருக்கும். 'இந்த இருவரும் சேர்வார்களா?' என்ற கேள்வியை முதல் அரை மணி நேரத்திலேயே, வேண்டுமென்றே, தீர்த்துவைத்துவிட்டுத்தான் இந்தத் தொடர் தன் உண்மையான வேலையைத் தொடங்குகிறது. இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு குடும்பம், தெற்கு வேல்ஸில் ஒரு குடும்பம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பேச்சு வேறு, சாப்பாடு வேறு, பணவசதி வேறு. இவர்கள் சம்பந்திகள் ஆக முடியுமா என்பதுதான் முதல் சீசனின் கதை. கேவினையும் ஸ்டேசியையும் விட்டுவிட்டு, அவர்களைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களையும் நண்பர்களையும் பாருங்கள். நீங்கள் தேடும் கதை அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

இப்படி அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தொடரை எழுதியவர்கள் ஜேம்ஸ் கார்டனும் ரூத் ஜோன்ஸும். இருவரும் ஐடிவி என்ற பிரிட்டிஷ் சேனலின் 'ஃபேட் ஃப்ரெண்ட்ஸ்' நாடகத்தில் சேர்ந்து நடித்தபோது நண்பர்களானவர்கள். கார்டன் வேல்ஸின் பாரி என்ற ஊரில் ஒரு திருமணத்துக்குப் போய்வந்திருந்தார். ஆங்கிலேயர் ஒரு பக்கம், வேல்ஸ்காரர்கள் மறுபக்கம் என்று இரண்டு கூட்டம் ஒரே மண்டபத்தில் கூடும்போது என்னவெல்லாம் நிகழும் என்பதை ஒரு முழு நாடகமாக எழுதலாம் என்று அவருக்குத் தோன்றியது. முதலில் அவர்கள் நினைத்தது ஒரு திருமண நாளை மட்டும் காட்டும் தனி நாடகம்தான். பிபிசியில் அதைத் தொடராக விரிக்கச் சொன்னார்கள். ஆகவே எழுத்தாளர்கள் அந்தத் திருமணத்திலிருந்து பின்னோக்கி நடந்தார்கள்: மணமக்கள் எப்படிச் சந்தித்தார்கள், யார் யார் வீட்டுக்கு முதலில் போனார்கள், யார் முகம் கோணியது, யார் சமாளித்தார்கள். ஆறாவது அத்தியாயத்தின் திருமணத்துக்கு வேண்டிய எல்லாமே முதல் ஐந்தில் சிறுகச் சிறுகச் சேர்க்கப்படுகின்றன. முதல் இரண்டு அத்தியாயங்களில் 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று உங்களுக்குத் தோன்றிய இடங்களில் அந்தச் சேகரிப்பு நடந்துகொண்டிருந்தது.

வழக்கமான காதல் நகைச்சுவைத் தொடர்கள் தாமதத்தை நம்பிப் பிழைப்பவை. ஒருவர் சொல்ல வாயெடுப்பார், கதவு தட்டப்படும், அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும். அந்த உத்தியை இவர்கள் தொடவே இல்லை. வேலை நிமித்தமாகத் தொலைபேசியில் பேசத் தொடங்கி, பல மாதங்களாகப் பேசிப் பேசியே பழகிவிட்ட இருவர், லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் முதல் தடவையாக நேரில் சந்திக்கிறார்கள். பிடித்துப்போகிறது. சீசன் பாதியை எட்டும் முன்பே அவன் கேட்டுவிடுகிறான், அவளும் சம்மதித்துவிடுகிறாள். அப்படியானால் தடை எங்கே? தடை வரைபடத்தில் இருக்கிறது. கேவினின் ஊரான பில்லரிக்கே லண்டனுக்குக் கிழக்கே, எசெக்ஸில் இருக்கிறது. ஸ்டேசியின் பாரி, கார்டிஃபுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது. இடையே சாலை வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர். எம்4 நெடுஞ்சாலையில் சென்று செவர்ன் ஆற்றைப் பாலத்தில் கடந்தால்தான் வேல்ஸ். அந்தக் காலத்தில் பாலத்தைக் கடக்கச் சுங்கம் உண்டு; அதுவும் வேல்ஸுக்குள் நுழையும் திசையில் மட்டும். 2018 டிசம்பரில்தான் அதை நீக்கினார்கள்.

தொலைவு என்பது இங்கே பின்னணி விவரம் அல்ல. திருமணம் ஆனால் யாராவது ஒருவர் தன் வீட்டை, தன் தெருவை, தன் நண்பனை விட்டு வர வேண்டும். அது யார்? காதலின் உற்சாகத்தில் இருவருமே இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டுக்கொள்வதில்லை. சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் சீசனில் இதற்குப் பதில் கிடைக்காது. அடுத்த இரண்டு சீசன்களும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கின்றன.

இரண்டு ஊர்களையும் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால் பல காட்சிகள் தாமாகத் திறக்கும். பில்லரிக்கே, லண்டனுக்குத் தினமும் ரயிலில் போய்வருபவர்கள் நிறைந்த, வசதியான ஊர். கேவினின் பெற்றோரான பாம், மிக் தம்பதியின் தனி வீட்டைக் கவனியுங்கள்: அகலமான சமையலறை, நல்ல தோட்டம், எப்போதும் ஏதாவது நிரம்பிய கோப்பை. பாரியின் வரலாறு வேறு. 1889இல் அங்கே துறைமுகம் திறந்தது. 1913 வாக்கில் உலகிலேயே மிக அதிகமாக நிலக்கரி ஏற்றுமதி செய்த துறைமுகம் அதுதான். நிலக்கரி போன பிறகு மிஞ்சியது பாரி தீவின் கடற்கரையும் ராட்டினங்களும் காசு போட்டு விளையாடும் கூடங்களும். ஸ்டேசியின் தோழி நெஸ்ஸா வேலை செய்வது அப்படி ஒரு கூடத்தில். ஸ்டேசியின் அம்மா குவென் வசிப்பது, சரிவில் வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகளில் ஒன்று. எதிர்வீட்டில் சித்தப்பா பிரின். அண்டைவீட்டார் யார் வீட்டுக்கும் கேட்காமல் வரலாம். பாம் வீட்டில் விருந்தாளிகள் அழைக்கப்படுகிறார்கள். குவென் வீட்டில் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இரண்டு வாழ்க்கைக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் வசனமாகப் பேசுவதில்லை. இந்த வாசல் விவகாரத்திலேயே அது தெரிந்துவிடுகிறது.

(பாரியில் அந்தத் தெருவின் பெயர் டிரினிட்டி தெரு. இன்றும் ரசிகர்கள் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எசெக்ஸ் வீடாகக் காட்டப்படுவதோ எசெக்ஸிலேயே இல்லை. பாரிக்குப் பக்கத்திலுள்ள டினஸ் பொவிஸ் என்ற ஊரில் இருக்கிறது. 300 கிலோமீட்டர் இடைவெளியைப் பற்றிய கதையை சில கிலோமீட்டருக்குள் படமாக்கியிருக்கிறார்கள்.)

இனி மனிதர்கள். பாமை முதலில் பாருங்கள். அலிசன் ஸ்டெட்மன் நடித்திருக்கிறார். ஒரே மகன், 'என் குட்டி இளவரசன்' என்றுதான் அழைப்பார். இப்படி ஒரு தாயை எழுத உட்காரும் எவருக்கும் மாமியார் கொடுமை என்ற பாதை கண்முன்னே விரிந்து கிடக்கும். கார்டனும் ஜோன்ஸும் அதில் போகவில்லை. பாம் ஸ்டேசியைத் தடுப்பதில்லை. அளவுக்கு மீறி வரவேற்கிறார். பெண் வீட்டாருக்குப் பிடிக்க வேண்டும் என்ற தவிப்பில், தான் சைவம் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்ற அவர்கள் முன்னால் இறைச்சியைத் தொடாமல் திண்டாடுகிறார். வேடிக்கையான இழைதான். ஆனால் அதற்கு அடியில் இருப்பது ஒரு தாயின் பயம்: இவர்களுக்கு என்னைப் பிடிக்காமல் போனால் மகன் அந்தப் பக்கம் போய்விடுவானோ? ஸ்டெட்மன் இந்தப் பயத்தை ஒரு வரிகூடச் சொல்லாமல், குரலை ஒரு படி உயர்த்துவதிலும் தேவைக்கு மேல் சிரிப்பதிலும் காட்டிவிடுகிறார். பக்கத்தில் லாரி லாம்பின் மிக், பெரும்பாலும் அமைதியாக இருக்கிறார். பாமின் அலைகள் மோதிக் களைத்துத் திரும்புவதற்கு ஒரு கரை வேண்டுமே, அதுதான் மிக்.

மறுபக்கம் குவென். மெலனி வால்டர்ஸ் நடிப்பில் ஆர்ப்பாட்டமே கிடையாது. யார் வந்தாலும், என்ன நேரமானாலும், ஆம்லெட் போட்டுத் தரட்டுமா என்பார். கணவர் இறந்துவிட்டார். மகன் ஜேசன் ஸ்பெயினில் இருக்கிறான். வீட்டில் மிச்சமிருப்பது ஸ்டேசி மட்டும். மகள் முன்பின் பார்த்திராத ஒருவனைச் சந்திக்க லண்டன் கிளம்புவதிலிருந்து, திருமணம் வரைக்கும் குவென் ஒரு தடவையும் 'நான் தனியாகிவிடுவேனே' என்று சொல்வதில்லை. பார்ப்பவர்களுக்குத்தான் அந்த நினைப்பு அவ்வப்போது வந்துபோகும்.

என் கணிப்பில் முதல் சீசனின் இதயம் பிரின் சித்தப்பா. ராப் பிரைடன் நடித்திருக்கிறார். அவரும் ரூத் ஜோன்ஸும் வேல்ஸின் போர்த்காலில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்த நீண்ட பழக்கம் திரையிலும் தெரிகிறது. இறந்துபோன அண்ணனின் இடத்தில் நின்று அண்ணியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர் பிரின். அந்தப் பொறுப்பை யாரும் அவரிடம் ஒப்படைத்ததாகத் தெரியவில்லை. சின்னக் கருவி ஒன்றைக் கண்டாலும் வியந்து விளக்கத் தொடங்கிவிடுவார், போகும் வழியை மணிக்கணக்கில் ஆராய்வார், எதற்கெடுத்தாலும் முன்னெச்சரிக்கை சொல்வார். பார்க்கும்போது சிரிப்பு வரும். அத்தனையும் ஓர் அப்பா செய்திருக்க வேண்டியவை என்று எண்ணிப் பாருங்கள். பிரைடன் அந்தப் பாத்திரத்தை ஒரு நொடிகூடக் கேலிப்பொருளாக விடுவதில்லை.

பிரினைப் பற்றிச் சொல்லும்போது அந்த மீன்பிடிப் பயணத்தையும் சொல்ல வேண்டும். பிரினுக்கும் ஜேசனுக்கும் இடையே, முன்பு சேர்ந்து போன ஒரு மீன்பிடிப் பயணத்தில் ஏதோ நடந்திருக்கிறது. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே இருவருக்கும் தொண்டை அடைக்கிறது. என்ன நடந்தது என்று விடை தேடிக்கொண்டிருக்காதீர்கள். 2024 கிறிஸ்துமஸ் அன்று ஒளிபரப்பான இறுதி அத்தியாயத்தில்கூடப் பார்வையாளர்களுக்கு அதைச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் பேசக்கூடாத ஒன்று இருக்கும், அதைச் சுற்றிவந்தே எல்லோரும் பேசப் பழகியிருப்பார்கள். இந்த மர்மம் அதற்காக வைக்கப்பட்டது.

அடுத்தது, எழுத்தாளர்கள் தங்களுக்கே எழுதிக்கொண்ட பாத்திரங்கள்: கேவினின் நண்பன் ஸ்மிதியாக கார்டன், ஸ்டேசியின் தோழி நெஸ்ஸாவாக ஜோன்ஸ். அழகான இளம் காதலர்களின் வேடத்தை மேத்யூ ஹார்னுக்கும் ஜோவானா பேஜுக்கும் கொடுத்துவிட்டு, தங்களுக்கு இந்த ஓரத்து ஜோடியை வைத்துக்கொண்டார்கள். முக்கியமான முடிவு அது. லண்டனில் கேவினும் ஸ்டேசியும் சந்திக்கும் அதே இரவில் ஸ்மிதியும் நெஸ்ஸாவும் ஒரு படுக்கையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதை ஒரு பொருட்டாகவே இருவரும் காட்டிக்கொள்வதில்லை. ஒரு பக்கம் வார்த்தைக்கு வார்த்தை அன்பைச் சொல்லிக்கொள்ளும் ஜோடி. இன்னொரு பக்கம் ஒருவருக்கொருவர் எதுவுமே சொல்லிக்கொள்ளாத ஜோடி. ஆறு அத்தியாயங்களிலும் இவை அருகருகே ஓடுகின்றன. முதல் ஜோடிக்கு எல்லாம் தெளிவாக இருப்பதால் நம் மனம் மெல்ல மெல்ல இரண்டாம் ஜோடியின் பக்கம் சாய்கிறது. நீங்கள் தேடிய 'சேர்வார்களா, மாட்டார்களா' என்ற பதற்றத்தை அங்கேதான் ஒளித்துவைத்திருக்கிறார்கள். அது முடிவுக்கு வரப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன.

நெஸ்ஸாவின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். என்ன நடந்தாலும் அதில் ஒரு தசை அசையாது. ஏதாவது பேச்சு வந்தால், தான் முன்பு பார்த்த விசித்திர வேலைகளையும் பழகிய பிரபலங்களையும் பற்றி ஒரு தகவலைச் சாதாரணமாக வீசிவிட்டுப் போவாள். நம்பலாமா கூடாதா என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் அது வெறும் நகைச்சுவை உத்தியாகத் தோன்றும். ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்களுக்கு வரும்போது, அந்த அசையாத முகத்துக்குப் பின்னால் ஒரு பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது தெரியத் தொடங்கும்.

ஸ்மிதியின் துயரம் வேறு வகை. சின்ன வயதிலிருந்து கூடவே இருந்த நண்பனை ஒரே வாரக் கடைசியில் இன்னொருத்தியிடம் இழந்துவிட்டவன் அவன். கோபித்துக்கொள்கிறான், முறுக்கிக்கொள்கிறான், சாப்பிடுகிறான், சிரிக்கவைக்கிறான். ஆண் நட்பின் பிரிவை இவ்வளவு வெளிப்படையாக எழுதிய நகைச்சுவைத் தொடர்கள் குறைவு. 2008இல் கார்டனுக்குச் சிறந்த நகைச்சுவை நடிப்புக்கான பாஃப்டா (பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சி அகாதமி) விருது கிடைத்தது. தொடருக்கும் பார்வையாளர்கள் வாக்களித்துத் தரும் பாஃப்டா விருது அதே ஆண்டில் வந்தது.

சண்டையே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வருகிறது. திருமண ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கும்போது, ஸ்டேசிக்கு இதற்கு முன் ஐந்து தடவை நிச்சயதார்த்தம் ஆகியிருக்கிறது என்பது கேவினுக்குத் தெரியவருகிறது. இதை முன்கூட்டியே சொல்வதால் சுவை கெடாது. எப்படி வருகிறது, அதன் பின் யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த இடத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்டேசி கெட்டவள் அல்ல. எளிதில் நம்புகிறவள், எளிதில் பயந்து பின்வாங்குகிறவள். கேவினைச் சுடுவது அந்த ஐந்து ஆண்கள் அல்ல. அவள் வீட்டுக்கே தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததுதான். தொலைபேசியில் மாதக்கணக்கில் பேசியும் ஒருவரைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிந்துகொள்ள முடிகிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. முதல் அத்தியாயத்தின் இனிமையான தொலைபேசிப் பேச்சுகளை அதற்குப் பிறகு நினைத்துப் பார்த்தால் அவற்றின் நிறமே மாறியிருக்கும்.

சிரிப்பொலி பற்றி. பிரிட்டனின் பழைய சிட்காம்களில் பெரும்பாலானவை ஸ்டுடியோவில், பார்வையாளர்கள் முன்னிலையில் எடுக்கப்பட்டவை. இது உண்மையான தெருக்களிலும் வீடுகளிலும் திரைப்படம்போல எடுக்கப்பட்டது. கிறிஸ்டீன் கெர்னன் இயக்கினார். எங்கே சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால்தான் ஒரு வேடிக்கையான வரிக்கும் ஒரு வலிக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் போக முடிகிறது. இரண்டு அத்தியாயங்களில் இது பழகவில்லை என்றால் வியப்பில்லை, மூன்றாவதில் பழகிவிடும். வேல்ஸ் உச்சரிப்பு சிரமமாக இருந்தால் தயங்காமல் ஆங்கில வசன எழுத்துகளைப் போட்டுக்கொள்ளுங்கள். நெஸ்ஸாவின் புகழ்பெற்ற 'வாட்ஸ் அக்கரிங்?' என்பது 'என்ன சேதி?' என்று நலம் விசாரிப்பதுதான். 'டைடி' என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

பெயர்களிலும் ஒரு கறுப்பு விளையாட்டு உண்டு. கேவினின் குடும்பப் பெயர் ஷிப்மன், ஸ்டேசியின் குடும்பப் பெயர் வெஸ்ட், பாமின் தோழி டானும் அவள் கணவன் பீட்டும் சட்கிளிஃப். மூன்றும் பிரிட்டனை உலுக்கிய தொடர் கொலைகாரர்களின் பெயர்கள். கதையில் இதற்கு எந்த வேலையும் கிடையாது.

எல்லாமே சிறப்பு என்று சொல்ல மாட்டேன். டானும் பீட்டும் எந்நேரமும் அடித்துக்கொள்ளும் காட்சிகள், ஜூலியா டேவிஸும் ஏட்ரியன் ஸ்கார்பரோவும் எவ்வளவு நன்றாக நடித்தாலும், ஒரே ஸ்வரத்தில் நிற்கின்றன. கேவின் சில இடங்களில் வெறும் நல்ல பையனாக மட்டும் இருக்கிறான். ஹார்ன் அந்தப் பாத்திரத்துக்குத் தேவையான இதத்தைக் கொடுக்கிறார். எழுத்து அவருக்குக் கூடுதலாக எதுவும் கொடுக்கவில்லை. உடல் பருமன் குறித்தும் ஓரினச் சேர்க்கை குறித்தும் 2007இன் பழக்கத்தில் எழுதப்பட்ட சில வரிகள் இன்று நெருடும். மறுபக்கம், பக்கத்துவீட்டு மூதாட்டி டோரிஸாக வரும் மார்கரெட் ஜான் ஒவ்வொரு தடவையும் சில நொடிகளிலேயே காட்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். வயதானவர்களை இனிமையான பாட்டிகளாக மட்டும் காட்டும் வழக்கத்தை அவர் உடைத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

உங்களுக்கு ஏற்பட்ட தயக்கம் அன்றைய பார்வையாளர்களுக்கும் இருந்தது. 2007 மே 13 அன்று தொடங்கியபோது இது பிபிசி த்ரீ என்ற இளைஞர்களுக்கான சின்னச் சேனலில்தான் வந்தது. பார்த்தவர்கள் சிலரே. அந்தச் சிலர் மற்றவர்களிடம் சொன்னார்கள். மறு ஒளிபரப்புகளிலும் குறுந்தகடுகளிலும் கூட்டம் சேர்ந்தது. பிறகு பிபிசியின் முதன்மைச் சேனலுக்கு வந்தது. பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2019 கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயத்தை ஒளிபரப்பான இரவில் மட்டும் 1 கோடியே 16 லட்சம் பேர் பார்த்தார்கள். 2024இன் இறுதி அத்தியாயத்தை அன்றிரவே 1 கோடியே 23 லட்சம் பேர் பார்த்தார்கள். மெதுவாகப் பழகும் பாத்திரங்களுக்கு மெதுவாகச் சேர்ந்த கூட்டம் அது.

இப்போது மூன்றாவது, நான்காவது அத்தியாயங்களை ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் எடைபோடும் பகுதி அது. இடைவெளி விட்டால் சின்னச் சின்னச் சங்கடங்களின் தொடர்ச்சி அறுந்துவிடும். ஐந்தாவதைத் தனியாகவும், திருமணம் நடக்கும் ஆறாவதை அதற்கு மறுநாளும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவதில் மணமக்களைவிட விருந்தினர் பகுதியைக் கவனியுங்கள்: பாம் யாரைப் பார்க்கிறார், பிரினும் ஜேசனும் எங்கே நிற்கிறார்கள், ஸ்மிதி என்ன செய்கிறான். கடைசியில் நெஸ்ஸாவைப் பற்றி ஒரு செய்தி வரும். அதை இங்கே சொல்லிவிட மாட்டேன். இரண்டாம் சீசனை நடத்திச் செல்வது அந்தச் செய்திதான் என்பதால், நடுவில் நீண்ட இடைவெளி விடாமல் தொடருங்கள். அதன் பின் 2008 கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயத்தை விட்டுவிடாமல் பார்த்துவிட்டு மூன்றாம் சீசனுக்குப் போங்கள். சில தளங்களில் அது தனியாகப் பட்டியலிடப்பட்டிருக்கும், கண்ணில் படாமல் தவறிவிடும்.